எண்பத்தேழில் ஒருத்தி

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி
"கேஸ் விஷயமா வந்திருக்கேன்" என்றேன்.
எந்த ஸ்டேஷன் என்று கேட்டார் டீக்கடைக்காரர்.
அதோடு அந்தச் சொல்லை விட்டேன்.

உதடு பிளந்து பிறந்த பிள்ளைகள் ஐம்பத்தெட்டு.
உதடு கூடிப் பிறந்து, காய்ச்சலுக்கோ பேதிக்கோ
அதே ஆஸ்பத்திரிக்கு வந்து போனவை நூற்றுப் பதினாறு.
இவர்களுக்குப் பெயர் கண்ட்ரோல்.
யார் யாரைக் கட்டுப்படுத்தினார்கள், தெரியாது.

சோமனஅள்ளி, பேளாரஅள்ளி, மாரண்டஅள்ளி.
ஊரெல்லாம் அள்ளியில் முடிகிறது.
நான் அள்ளிவருவது ஆம், இல்லை.
படிவத்தில் மூன்றாவதுக்கு இடமில்லை.

கவுரம்மாவுக்கு எல்லாம் ஞாபகம்.
நாள் தள்ளிப்போன வாரம் எந்தப் பாத்தியில் நின்றாள்,
தக்காளிக்கு அடித்த மருந்து டப்பாவின் மூடி என்ன நிறம்,
காற்று எந்தப் பக்கத்துக் காற்று.
தலைவலி மாத்திரை ஒன்றரை.
கிரகணத்தன்று கத்தரிக்காய் அரிந்தது.
கிரகணத்துக்கு என்னிடம் கட்டம் இல்லை.
"அதையும் எழுதிக்கோங்க."
ஓரத்தில் எழுதினேன்.

ஒன்றரை வருடமாய் ராத்திரி ராத்திரி
அந்த மூன்று மாதத்தை முறத்தில் போட்டுப்
புடைத்துக்கொண்டிருக்கிறாள்.
கல்லாயிருக்குமோ என்று தோன்றிய ஒரு அரிசியையும்
அவள் விடவில்லை.
ஒரு மணி இருபது நிமிடம் ஆனது.

ருக்சானா வீட்டில் பதினோரு நிமிடம்.
மகன் அவள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டே இருந்தான்,
வாய் நிறைய பிஸ்கட்.
"வயலுக்கா? போன மாதிரி தெரியலக்கா."
இல்லை, டிக்.
முழுசாய்ப் பிறந்த பிள்ளையின் தாய்
எதற்காகத் தேட வேண்டும்?

தருமபுரியில், லாட்ஜ் அறையில்,
நாலே நாலு பெட்டி.
இருபத்து மூன்று, முப்பத்தைந்து.
இருபத்தொன்பது, எண்பத்தேழு.
குறுக்கே பெருக்கி வகுத்தால்
ஏறக்குறைய இரண்டு மடங்கு.
கீழ் எல்லை ஒன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஐந்து.
ஒன்றைத் தாண்டிவிட்டது,
வாசற்படியில் கால் இடறித் தாண்டுகிற மாதிரி.

கவுரம்மாவைக் கட்டியவர் தாய்மாமன்.
சொந்தத்தில் கட்டியவர், அசலில் கட்டியவர்
என்று பிரித்துப் பார்த்தேன்.
இரும்புச்சத்து மாத்திரை தின்றவர், தின்னாதவர் என்றும்.
பிரிக்கப் பிரிக்கப் பெட்டியில் ஆள் குறைந்து
ஒன்றில் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.
பூஜ்யம் இருந்தால் கணக்கு ஓடாது,
எல்லாப் பெட்டியிலும் அரை அரை போட்டுக்கொள் என்கிறது பாடம்.
போட்டேன்.
எந்த அள்ளியிலும் குடியில்லாத அரைத் தாய்
என் மடிக்கணினியில் பிள்ளையோடு நிற்கிறாள்.

ஒன்பதரைக்கு போன்.
"அக்கா, ருக்சானா.
நீங்க போனப்புறம் யோசிச்சுப் பார்த்தேன்.
எங்க அண்ணி கூட ஒரு வாரம் தக்காளி பறிக்கப் போனேன்.
மருந்து வாசனை இருந்துச்சு.
பரவால்லியா? தப்பா?"

எண்பத்தேழை எண்பத்தாறு ஆக்கினேன்,
இருபத்தொன்பதை முப்பது.
சும்மா, பார்ப்பதற்கு.
கீழ் எல்லை பூஜ்யம் புள்ளி தொண்ணூற்றாறு.
ஒருத்தி ஒரு வாரம் தக்காளி பறித்ததில்
முடிவு வாசலுக்கு வெளியே போய்விட்டது.

அழித்தேன். மறுபடி போட்டேன்.
அவளாகக் கூப்பிட்டதை எடுத்துக்கொண்டால்
கூப்பிடாத நூற்றுப் பதினைந்து பேருக்கு என்ன பதில்?
எடுக்காவிட்டால்
தெரிந்தே ஒரு பொய்யை எண்ணிக்கொண்டிருப்பேன்.

காலையில் பட்டியலைப் பிரித்தேன்.
எல்லாரையும் இன்னொரு தரம் கேட்பது,
கவுரம்மாவுக்குக் கொடுத்த அதே நேரம் கொடுத்து.
முதல் எண் அணைக்கப்பட்டிருந்தது.
இரண்டாவது எடுத்தாள், பின்னால் மிக்ஸி சத்தம்.
பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து என்றேன்,
அந்த மூன்று மாதத்தைப் பற்றி
இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றேன்.
மிக்ஸி நின்றது.
"ஏங்க, எம் புள்ளைக்கு ஏதாவதா?"
இல்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
அவளுக்கு ஞாபகம் வரத் தொடங்கிவிட்டது.